குறுக்கில் இறங்கிய சுடர்

மலையில் ஒரு கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்று யாராவது என்னைக் கேட்டால், யாருடைய கிலோமீட்டர் என்று திருப்பிக் கேட்பேன். எழுபதுகளின் கடைசியில் இலங்கையில் பதுளைப் பக்கம் கழித்த ஆறு நாட்கள் என்னை அப்படி ஆக்கிவிட்டன. அதற்கு முன்னால் நானும் எல்லோரையும் போல ஆயிரம் மீட்டர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் அப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியன். சென்னையில் பன்னாட்டு விளையாட்டு விழா ஒன்று நடத்துவதாக ஏற்பாடு. அதற்கான சுடரைக் கொழும்பில் ஏற்றி, மலைநாட்டைச் சுற்றி, தலைமன்னாரில் கப்பலேற்றி, இராமேஸ்வரத்தில் இறக்கி, கைமாற்றிக் கைமாற்றிச் சென்னை வரை ஓட்டமாகவே கொண்டுவர வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிலோமீட்டருக்கு ஓர் ஆள் வேண்டும். அவர் நிற்க ஓர் இடம் வேண்டும். அவரைக் கொண்டுபோய் இறக்க வண்டி, குடிக்கத் தண்ணீர், கூட்டத்தை விலக்கப் போலீஸ், அவர் வராமல் போனால் ஓட இன்னோர் ஆள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். சுடர் அணைந்தால் மறுபடி ஏற்றுவதற்குக் கண்ணாடி விளக்கில் தாய்ச்சுடர் ஒன்று ஜீப்பில் பின்னாலேயே வர வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டிப் போய்ப் பார்த்துக் குறித்து வரச் சிலரை அனுப்பினார்கள். பதுளைக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றதும் என் பெயர் வந்தது. மலை ஏறத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பதுளை ஸ்டேஷனில் காலையில் இறங்கியபோது மழை. என்னை அழைத்துப் போகக் காசிம் நானா வந்திருந்தார். கடைத்தெருவில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். சொந்தமாக ஒரு பழைய ஜீப் இருந்ததால் எங்கள் வேலைக்கு அவரையே அமர்த்தியிருந்தார்கள். ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, பேச்சு மட்டும் நிற்காது.

"மாஸ்டர், கோச்சில தூங்கினீங்களா? தூங்கியிருந்தா பாதி அழகு போச்சு. தூங்காட்டி இடுப்பு போச்சு" என்றார். எனக்கு இரண்டும் போயிருந்தது.

நேரே சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். பராட்டாவும் ஆட்டுக்கறியும் வந்தன. நம் ஊர்ப் பரோட்டாவைவிடக் கொஞ்சம் தடிமன், கறியில் காரம் ஒரு படி மேலே. நான்கு தின்றேன். பிறகு பால் இல்லாத தேநீர் ஒரு கண்ணாடிக் குவளையில் வந்தது. தேயிலை விளைகிற ஊராயிற்றே என்று ஆவலாக உறிஞ்சினேன். திருச்சி ஜங்ஷன் தேநீரே தேவலை.

"இங்க நல்ல தேத்தண்ணிய எதிர்பாக்காதீங்க மாஸ்டர். நல்லதெல்லாம் கப்பல் ஏறிடும். நமக்குக் கிடைக்கிறது தூள்தான்" என்றார் நானா. அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தத் தூளில் இன்னும் ஒரு குவளை வாங்கிக் குடித்தார்.

மறுநாள் பண்டாரவளையிலிருந்து பதுளை வரும் பாதையை அளக்கத் தொடங்கினோம். நான் கொண்டுபோயிருந்தது ஓர் அளவுச் சக்கரம். நீளக் காம்பின் நுனியில் ஒற்றைச் சில்லு இருக்கும். உருட்டிக்கொண்டே நடந்தால் தூரத்தைக் காட்டும். திருச்சி தஞ்சாவூர் சாலையை இதை வைத்துத்தான் அளந்திருந்தேன். அந்தச் சாலை மேசை மாதிரி கிடக்கும். அங்கே எனக்கு இருந்த கஷ்டமெல்லாம் மாட்டு வண்டியும், என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்து மனுக் கொடுக்க வந்தவர்களும்தான். இங்கே கதை வேறு. முதல் இறக்கத்திலேயே சக்கரம் கையை விட்டு ஓடி, வளைவில் திரும்பாமல் நேரே போய் லீக்ஸ் காய்கறித் தோட்டத்துக்குள் விழுந்தது. தோட்டக்காரர் அதை எடுத்து வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

"சைக்கிள்ல மத்தப் பாதி எங்கண்டு கேக்கிறார்" என்றார் நானா.

அதோடு போகவில்லை. மொனராகலை பஸ் ஒன்று எங்களைக் கடந்தபோது கண்டக்டர் தலையை வெளியே நீட்டி ஒரு வார்த்தை சொன்னார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானா மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் விடவில்லை.

"பஸ்சுக்குக் காசில்லாட்டி சும்மா ஏறிக்கோங்க ஐயா, சில்ல உருட்டிக்கிட்டு நடக்க வேணாம்ண்டு சொல்றான்."

கோபம் வந்தது என்று சொன்னால் பொய். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில் ஏறிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

அந்தப் பாதையில் பெரிய தலைவலி வெலிமடையிலிருந்து வரும் காய்கறி லொறிகள். கரட், உருளைக்கிழங்கு, லீக்ஸ் என்று மேலே குவித்துக்கொண்டு பாதி ரோட்டை அடைத்துப் போகின்றன. சுடர் வருகிற நாளில் அவற்றை எங்கே நிறுத்துவது என்று கேட்டதற்கு நானா உடனே வழி சொன்னார். "நிப்பாட்டாதீங்க. நிப்பாட்டினா சண்டைக்கு வருவாங்க. அண்டைக்கு லொறிக்காரங்கள்ல ரெண்டு பேர ஓட விடுங்க. மத்தவங்க தானா ஓரம் கட்டிருவாங்க." இதை நான் அப்படியே அறிக்கையில் எழுதினேன். முப்பது பக்க அறிக்கையில் எல்லோரும் பாராட்டிய யோசனை அது ஒன்றுதான். என்னுடையது இல்லை.

மூன்றாம் நாள் தோட்டத்துக்குப் போனோம். நமுனுகுல மலையடிவாரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். சுடர் பெரிய ரோட்டை விட்டுத் திரும்பி இந்தத் தோட்டத்து ரோட்டில் நுழைந்து, மறுபுறம் இறங்கி மீண்டும் பெரிய ரோட்டில் சேர வேண்டும் என்பது விழாக் குழுவின் கொழும்புச் செயலாளரின் ஆசை. காரணம், படம். தேயிலைச் செடிக்கு நடுவே தீப்பந்தம் போனால் பத்திரிகைகளில் நன்றாக இருக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு அது படமாகத் தெரியவில்லை. அதை அங்கே போன பிறகுதான் புரிந்துகொண்டேன்.

கணக்கப்பிள்ளை மாணிக்கம் ஸ்டோர் வாசலில் காத்திருந்தார். ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்து நான் முகச்சவரம் செய்ய பிளேடு கிடைக்குமா என்று கேட்டேன். அங்கே தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயராம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிளேடு வீட்ல இருக்குங்க, குடுத்துடறேன்" என்றார். தங்கமான மனிதர்.

சுடர் தூக்கி ஓட நான்கு பேரை அவர் தேர்ந்து வைத்திருந்தார். மூன்று ஆண்கள், ஒரு பெண். பெண்ணின் பெயர் சிவபாக்கியம். எல்லோரும் பாக்கியம் என்றார்கள். இருபத்திரண்டு வயது, கொழுந்து பறிக்கிறவள். ஒவ்வொரு பொங்கலுக்கும் தோட்டத்து ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வருகிறவள் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். பொம்பிளைகளில் முதலாவதா என்று கேட்டேன்.

"எல்லாரிலயும்தாங்க" என்றான் முருகேசு. நான்கு பேரில் அவனும் ஒருவன். அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமே இல்லை.

பாக்கியம் என்னிடம் நேராகவே வந்து கேட்டாள். "ஐயா, தேதி முடிவாயிருச்சுங்களா?"

"இன்னும் ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கும். ஏம்மா?"

"எங்களுக்கு இந்தியாவுக்குப் பதிஞ்சிருக்குங்க. பாஸ்போட்டும் வந்திருச்சு. என்னைக்குக் கப்பல்னுதான் தெரியல. போறதுக்கு முன்னால எங்க சனம் பாக்க ஒரு தடவ இத தூக்கிட்டு ஓடிறணும். அவ்வளவுதாங்க."

இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து இவர்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பங்கு போட்டதைப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். பங்கில் விழுந்த ஒருத்தியை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை, அழுகிற மாதிரி பேசவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கட்டாயம் ஓடுவாய் என்று சொல்லி வைத்தேன். யோசிக்காமல் வாக்குக் கொடுப்பது என் பழைய வியாதி.

சக்கரத்தை உருட்டி ரோட்டை அளந்ததும் அந்த வாக்கு என் தலையில் விழுந்தது. நான்கு கிலோமீட்டருக்கும் மேலே வந்தது. மலையைச் சுற்றிச் சுற்றி வளைகிற ரோடு அது. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று வைத்தாலும் இருபத்தாறு நிமிடம் ஆகும். எனக்குக் கொடுத்திருந்தது பதினெட்டு நிமிடம். பதுளை மைதானத்தில் மாலை நாலரைக்குச் சுடரை வாங்க அமைச்சர் ஒருவர் நிற்பார். அவரை எட்டு நிமிடம் நிற்க வைக்க முடியாது.

மாலையில் பதுளைத் தபால் கந்தோரில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து கொழும்புக்கு டிரங்க் கால் போட்டேன். செயலாளர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். "தோட்டத்தில் ஓட வேண்டாம். சுடரை ஜீப்பிலேயே ஏற்றிக் கடந்து வாருங்கள். ஸ்டோர் வாசலில் மட்டும் ஒரு பெண் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். நாளை மாலைக்குள் வேறு வழி சொன்னால் பார்க்கிறேன்." அன்று இரவு நானா வீட்டில் வட்டிலப்பம் வைத்தார்கள். வெல்லமும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்து வாயில் கரைகிற பண்டம் அது. எனக்கு இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. இரண்டு துண்டு இறங்கியது.

நான்காம் நாள் காலையில் மறுபடியும் தோட்டம். வேகமாக ஓடினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு. மொத்தத்தையும் பதினெட்டுக்குள் கொண்டுவர முடியாது என்று தெரியும். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. பாக்கியம் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, கணக்கப்பிள்ளையிடம் அரை மணி அனுமதி வாங்கி வந்தாள். பற்ற வைக்காத பந்தம் ஒன்றை அவள் கையில் கொடுத்து ஸ்டோர் வாசலில் நிறுத்தினேன்.

"கீழ பாலத்துல நான் நிப்பேன். கணக்கப்பிள்ளை கொடி அசைச்சதும் கிளம்பணும். எவ்வளவு சீக்கிரம் வர முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வந்துடு" என்றேன்.

ரோட்டு வழியே பாலம் வரை ஒரு கிலோமீட்டருக்கு மேலே. மூன்று பெரிய வளைவுகள். நான் நானாவோடு ஜீப்பில் இறங்கிப் போய்ப் பாலத்தில் நின்றேன். மேலே கொடி அசைந்தது. கடிகாரத்தை அமுக்கிவிட்டு முதல் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளைக் காணோம். இரண்டு நிமிடம் போயிற்று. காணோம். விழுந்துவிட்டாளா என்று பயந்துபோனேன்.

"ஐயா, வந்துட்டேங்க" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

திரும்பினால் பாக்கியம். மூச்சுக்கூட அதிகம் வாங்கவில்லை. பந்தத்தை இடுப்புத் துணியில் பின்பக்கமாகச் செருகியிருந்தாள். கணுக்காலில் இரண்டு அட்டை தொங்கின.

"எந்த வழியா வந்த?"

"குறுக்குலதாங்க." தேயிலைச் செடிகளுக்கு நடுவே மலையில் நேர்கோடாக இறங்குகிற மண்படிகளைக் கையால் காட்டினாள். எனக்கு அது படி என்றே தெரியவில்லை. மழைத் தண்ணீர் அரித்த வழி என்று நினைத்திருந்தேன்.

"ரோடு எதுக்கும்மா போட்டிருக்கு?"

"அது லொறிக்குப் போட்டதுங்க" என்றாள்.

வந்ததே எனக்குக் கோபம். ரோட்டில் ஓட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியாதா என்று கத்தினேன். சரி, மற்றவர்களாவது ஒழுங்காக ஓடட்டும் என்று அடுத்த முருகேசுவை மேலே அனுப்பினேன். அவனும் செடிக்குள்ளிருந்து குதித்தான். மூன்றாவது ஆள் அதைவிடக் குறுகலான வேறொரு குறுக்கு வழியில் வந்து, பாக்கியத்தைவிடப் பத்து விநாடி முந்தி வந்ததாகப் பெருமைப்பட்டான். சீக்கிரம் வா என்று சொன்னால் அந்தத் தோட்டத்தில் பிறந்த ஒருவர் ரோட்டில் வரவே மாட்டார். முதுகில் கொழுந்துக் கூடையோடு தினமும் நாலு தடவை ஏறி இறங்குகிற படிகள் அவை. ரோட்டைச் சுற்றி நடப்பது வெளியூர்க்காரன் செய்கிற வேலை. என்னைப் போல.

நானா ஜீப்பை விட்டு இறங்கி வந்து, "மாஸ்டர், கத்தி முடிச்சிட்டீங்களா? முடிச்சா கடியாரத்தப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஆளுக்கு இரண்டரை நிமிடம்தான்.

அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். நேற்றிலிருந்து எட்டு நிமிடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது என் முகத்துக்கு நேரே மலையிலிருந்து இறங்கி வந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறது. கணக்கப்பிள்ளையைக் கேட்டதில் கீழ் டிவிஷனிலும் இதேபோல ஒரு பெரிய குறுக்கு இருக்கிறதாம். இரண்டையும் சேர்த்தால் நான்கேகால் கிலோமீட்டர் ரோடு இரண்டேமுக்காலுக்குள் வந்துவிடுகிறது. பதினேழு நிமிடம். அமைச்சருக்கு ஒரு நிமிடம் மிச்சம்.

அன்று மாலை தபால் கந்தோரில் செயலாளரோடு பெரிய வாக்குவாதம். படிக்கட்டில் ஜீப் வராதே, தாய்ச்சுடர் எப்படிப் பின்னால் வரும் என்று பிடித்துக்கொண்டார். ஓர் ஆள் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்குவார் என்றேன். யார் என்று கேட்டார். என்னோடு வந்து பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மாணிக்கம் என்று ஒரு பொறுப்பான அதிகாரி" என்று சொன்னேன். கடைசியில், செடிக்கு நடுவே படிகளில் இறங்கினால் படம் இன்னும் நன்றாக இருக்கும் என்று நான் சொன்னதும் ஒப்புக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் டிரங்க் கால் செலவு பாதியாகியிருக்கும்.

ஐந்தாம் நாள் சந்தோஷமாகத் தோட்டத்துக்குப் போனேன். சுடர் வருகிற தேதியையும் கொழும்பில் முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். கணக்கப்பிள்ளை வீட்டில் சூடாகத் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார்கள். சம்பல் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. இரண்டாவது ரொட்டியில் கை வைத்தபோது கணக்கப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

"பாக்கியம் வீட்டுக்கு நேத்துக் கடுதாசி வந்திருச்சுங்க. கப்பலுக்குத் தேதி குடுத்துட்டாங்க. உங்க தேதிக்குப் பதினோரு நாள் முந்தி."

தள்ளிப்போட முடியாதா என்று கேட்டேன். தவறவிட்டால் மறுபடி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, தாயும் இரண்டு தம்பிமாரும் உடன் போகிறார்கள், சாமான்களைக்கூடக் கொஞ்சம் விற்றாயிற்று என்றார். ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தேன்.

பாக்கியம் மலையில் நிரையில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள். நான் செடிகளைப் பிடித்துப் பிடித்து மேலே போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்த பெண்களெல்லாம் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே நான் பெரிய தீர்வைக் கண்டுபிடித்தவன் போலப் பேசினேன். "கவலைப்படாதம்மா. சுடர் இராமேஸ்வரத்துக்கும் வருது. அங்கேயும் பட்டியல் என் கையிலதான். மண்டபம் பக்கத்துல உனக்கு ஒரு கிலோமீட்டர் போட்டுத் தர்றேன்."

அவள் கை நிற்கவில்லை. கொழுந்தைப் பின்னால் கூடைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள். "அங்க ஓடுனா யாருங்க என்னையப் பாத்து 'அந்தா நம்ம பாக்கியம் ஓடுது'ன்னு சொல்லப் போறா?"

பக்கத்து நிரையில் இருந்த பெண் ஒருத்தி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பாக்கியம் அவளைப் பார்த்து, "ஏன்டி, கங்காணி வாராரு, கையப் பாரு" என்று அதட்டினாள். நான் இறங்கி வந்தேன். இறங்கும்போது எப்படியும் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிட்டது. ஐந்தாவது ஆறாவது படியில் வழுக்கி உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே யோசனை தோன்றியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள். நான் ஊருக்குக் கிளம்புமுன் முழுத் தூரத்துக்கும் ஓர் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. விதிப்படி ஒத்திகையில் பந்தத்தைப் பற்ற வைக்கக் கூடாது. ஜனங்கள் அதையே உண்மைச் சுடர் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் அந்த விதி. காற்றில் அணையாமல் எரிகிறதா என்று நின்ற இடத்தில் வைத்துப் பார்க்க மட்டும் இரண்டு எரிபொருள் குப்பிகள் தந்திருந்தார்கள். ஒன்றைப் பண்டாரவளை மேட்டில் பார்த்தாயிற்று. ஒன்று மிச்சம் இருந்தது. முப்பது வருஷமாக, கோட்டில் கால் பட்டது படவில்லை என்று பிள்ளைகளோடு சண்டை போட்டவன் நான். ஆனாலும் அந்தக் குப்பியைப் பந்தத்தில் பொருத்தினேன்.

"நாளைக்குப் பாக்கியம் நெருப்போட ஓடுறா. எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்று கணக்கப்பிள்ளையிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். அவர் தப்பு அடித்தே சொல்லிவிட்டார். ஞாயிறு மதியம் நான் போனபோது மூன்று டிவிஷன் சனமும் வந்துவிட்டது. குறுக்கு வழியின் இரண்டு பக்கமும் செடிகளுக்கு நடுவே இடுப்பளவு ஆட்கள். லயத்து வீட்டுப் பெண்கள் தீபாவளிச் சேலை கட்டியிருந்தார்கள். கணக்கப்பிள்ளை வெள்ளைக் காற்சட்டையும் நீளக் காலுறையும் போட்டு, கண்ணாடி விளக்கைத் தூக்கிப் பிடித்து, பொறுப்பான அதிகாரியாகவே நின்றார்.

பாக்கியம் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, சேலையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் செருகியிருந்தாள். நானா தீப்பெட்டியை நீட்டினார். நான்தான் பற்ற வைத்தேன். பந்தம் 'பப்' என்று பிடித்தது. கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள். அதைத் தொடர்ந்து எல்லாப் பெண்களும் போட்டார்கள். மலையே அந்தச் சத்தத்தில் நிறைந்தது.

இந்தத் தடவை அவள் இரண்டு கையையும் ஊன்ற முடியாது. வலக்கையில் பந்தத்தை உயர்த்தியபடி அந்த வழுக்குப் படிகளில் ஓடி இறங்கினாள். ஒரு படியைக்கூட அவள் குனிந்து பார்க்கவில்லை. "நம்ம பாக்கியம்டீ! பாரு, பாரு!" என்று இரண்டு பக்கமும் சத்தம். பின்னால் கணக்கப்பிள்ளை. அவருக்குப் பின்னால் நான். அவர் ஒரு தடவையும் விழவில்லை, நான் இரண்டு தடவை விழுந்தேன்.

பாலத்தில் முருகேசு நின்றான். அவனிடம் பந்தத்தைக் கொடுக்க வேண்டும். பாக்கியம் நீட்டினாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாங்குடா!" என்றாள்.

"நீயே ஓடு. நான் அன்னைக்கு ஓடிக்கிறேன்" என்றான்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். விதிப்படி ஆளுக்கு ஒரு பகுதிதான். நான் வாயைத் திறக்கவில்லை. மூச்சு இருந்தால்தானே திறப்பதற்கு. அவள் ஓடினாள், முருகேசு வெறுங்கையோடு பக்கத்தில் ஓடினான். அடுத்த இடத்தில் நின்றவனும் கையைக் கட்டிக்கொண்டான். அதற்கடுத்தவனும் அப்படியே. கடைசியில் பாக்கியம் நடுவே பந்தத்தோடு, மூன்று பேரும் சுற்றி வெறுங்கையோடு, பின்னால் தோட்டமே ஓடியது. நானாவும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். பெரிய ரோட்டு வாசலில் மொனராகலை பஸ் நின்றுவிட்டது. ஜன்னலெல்லாம் தலைகள். வாசலைத் தொட்டதும் பாக்கியம் நின்றாள். சுடரை அணைத்துவிடலாம் என்று மூடியை எடுத்தேன். பெண்கள் விடவில்லை. அது தானாகக் குளிர்கிறவரை எல்லோரும் அங்கேயே நின்றார்கள். பஸ்ஸும் நின்றது. பிறகு அவள் தாய் வந்து சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பிறகு சுடர் வந்த உண்மையான நாளில் நான் தோட்டத்தில் இல்லை. எனக்கு இராமேஸ்வரத்தில் வேலை. பதுளையில் எல்லாம் நேரப்படி நடந்ததாகவும், லொறிக்காரர்கள் தாமாகவே ஓரம் கட்டியதாகவும், கணக்கப்பிள்ளை விளக்கோடு இறங்கிய படம் பத்திரிகையில் வந்ததாகவும் நானா கடிதம் போட்டிருந்தார். கப்பல் வந்த காலையில் துறைமுகத்தில் நல்ல கூட்டம். நீலக் கோட்டும் நெஞ்சில் பட்டையுமாக நான் கயிற்றுக்கு உள்ளே நின்று ஆட்களை விலக்கிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால் எனக்குத் தெரிந்த குரல் ஒன்று கேட்டது.

பாக்கியம்தான். மண்டபம் முகாமிலிருந்து தாயோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள். கூட்டத்தின் கடைசி வரிசையில் எட்டி எட்டிப் பார்த்தபடி, பக்கத்தில் நின்ற மீன்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது எங்க தோட்டத்து வழியா வந்ததுங்க. நான் தூக்கிட்டு ஓடியிருக்கேன்."

"நீயா? நல்லா விடுற கதை" என்றார் அந்த அம்மாள். பாக்கியத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. அந்த அம்மாள் என் கோட்டைப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார். "ஏன் சார், இந்தப் புள்ள சொல்றது நெசமா? இந்த நெருப்பையா இவ தூக்குனா?"

அவள் தூக்கியது நானாவின் தீப்பெட்டியில் நான் பற்ற வைத்த நெருப்பு. இப்போது கப்பலிலிருந்து இறங்கி வருவது கொழும்பில் ஏற்றிய நெருப்பு. இரண்டும் வேறு வேறு. அங்கே விதி தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"நெசம்தான் அம்மா. இதே நெருப்புதான்" என்றேன்.

அந்த அம்மாள் பாக்கியத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் மீன் கூடையைக் காலால் ஒதுக்கி, முன்னால் நின்ற இரண்டு பேரைத் தோளைப் பிடித்து விலக்கினார்.

"அப்ப இங்க ஏன் நிக்கிற? முன்னால வா புள்ள" என்றார்.